டிஎம்மா, சென்னையா, ஹைகிரவுண்டா, வெளிநாடா? சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் நெல்லை டாக்டருக்கு

"சார், சுகர்ல ரிசர்ச் பண்ணணும். என்ன வழி?" என்று கேட்கும் ஹவுஸ் சர்ஜன்கள் குறைவு. கார்டியாலஜிக்கும் ஆர்த்தோவுக்கும் ரேடியாலஜிக்கும் வழி கேட்பவர்கள்தான் அதிகம். குறைவாக வருகிற கேள்வி என்பதாலேயே அவசரமாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட மனம் வருவதில்லை. பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். ஆய்வுக்கென்று ஊரை விட்டுப் போனவர்களையும், போய்த் திரும்பியவர்களையும், போகாமலே நல்ல வேலை செய்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மூரில் இந்த ஆசைக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "மொதல்ல டிஎம் முடிச்சிரு. ரிசர்ச் எங்க போயிரப் போவுது, அப்புறம் பாத்துக்கிடலாம்." டிஎம் என்பது எம்டிக்கு மேலே படிக்கிற சூப்பர் ஸ்பெஷாலிட்டிப் பட்டம், இங்கே ஹார்மோன் மருத்துவமான எண்டோகிரைனாலஜியில். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கேள்வியைக் கடைசியில் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கேள்வி கிடைப்பதே இல்லை. கிடைக்கிற நேரத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு லோன், மாலை கிளினிக் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்.

சர்க்கரை நோய் மெதுவாக நகரும் நோய். கண்ணையும் கிட்னியையும் காலையும் அது பிடிக்கப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகும். அதனால் இந்தத் துறையில் பேர் சொல்லும்படியான ஆய்வுகள் பலவும் வருடக்கணக்கில் பொறுமையாகச் செய்தவை. இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1977-ல் தொடங்கியது. புதிதாக டைப் 2 சர்க்கரை (பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் வகை) கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து பார்த்து, முக்கிய முடிவுகளை வெளியிட்டது 1998-ல். அமெரிக்காவின் டிசிசிடி ஆய்வு டைப் 1 (இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) உள்ள 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை நடந்தது. சுகரைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் கிட்னியும் தப்பும் என்று இன்றைக்கு ஓபியில் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அந்த ஒரு வரிக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அதனால் நான் பார்க்கும் அளவுகோல் சம்பளமோ பட்டமோ அல்ல. உங்களைப் பிடித்து உலுக்குகிற கேள்வி எது, அந்தக் கேள்விக்கான ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பல வருடம் விடாமல் பார்க்க எந்த வேலை உங்களுக்கு இடம் கொடுக்கும், இவ்வளவுதான். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் துடிப்பவருக்கு ஒரு இடம். ஒரே மாத்திரை இவருக்குக் கேட்கிறது, அவருக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசிப்பவருக்கு வேறு இடம். ஊரில் இத்தனை பேருக்கு ஏன் வருகிறது என்று தலையைச் சொறிபவருக்கு இன்னொரு இடம். இதைக் கையில் வைத்துக்கொண்டு டிஎம், சென்னை ஆய்வு மையங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, வெளிநாடு என்ற நாலு பாதையையும் பார்ப்போம்.

டிஎம் எண்டோகிரைனாலஜி

எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்டி பொது மருத்துவம் 3 வருடம், டிஎம் 3 வருடம். தடங்கல் இல்லாமல் போனால் பதினொன்றரை. தடங்கல் இல்லாமல் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. எம்டி நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு. நடுவில் பாண்ட் சேவை, அதாவது ஒப்பந்தப்படி அரசுக்குச் செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகு டிஎம் நுழைவுத் தேர்வான நீட் எஸ்எஸ். 18 வயதில் கல்லூரிக்குள் வந்தவர் டிஎம்மோடு வெளியே வரும்போது 32, 33 ஆகிவிடும்.

கிடைப்பது என்ன? முதல் லாபம் கண். அபூர்வமான சர்க்கரையை அடையாளம் காணும் கண். இருபது வயது ஒல்லிப் பையன் ஒருவன் வருகிறான், சுகர் 300. அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே வந்திருக்கிறது, ஆச்சிக்கும் அப்படியே. டைப் 1 என்று எழுதி இன்சுலினை ஆரம்பித்துவிட்டால் ஆயுளுக்கும் ஊசி. மோடி என்னும் ஒற்றை மரபணு வகையாக இருக்குமோ என்று ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டால், அதில் சில வகைகளுக்குப் பழைய சல்ஃபோனைல்யூரியா மாத்திரையே போதும். பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை வரும் குழந்தைகளில் ஒரு பகுதியினரை இன்சுலினிலிருந்து அதே மாத்திரைக்கு மாற்ற முடியும் என்று 2006-ல் காட்டினார்கள். இந்தச் சந்தேகம் வருவதற்கு நல்ல டிஎம் பயிற்சி கை கொடுக்கும்.

பறிபோவது? முதலாவது, டிஎம் என்பது சர்க்கரை நோய்ப் படிப்பு மட்டும் இல்லை. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல், எலும்பு, வளர்ச்சிக் கோளாறு எல்லாம் சேர்ந்ததுதான் எண்டோகிரைனாலஜி. உங்களுக்குச் சர்க்கரை ஒன்றுதான் மனதில் இருக்கிறது என்றால், பாதி நேரம் வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். இரண்டாவது, தீசிஸ். பரீட்சைக்குத் தேவை என்பதற்காகச் செய்யும் ஆய்வு, பரீட்சை முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும். மூன்றாவது, பட்டம் கைக்கு வந்த அன்றே வண்ணார்பேட்டை முதல் மதுரை வரை தனியார் ஆஸ்பத்திரிகள் கூப்பிட ஆரம்பிக்கும். அந்தச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு, அத்தனை வருடம் கடன் வாங்கிப் படித்தவருக்கு எங்கிருந்து வரும்? குறை சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தியாவில் சர்க்கரை நோய் ஆய்வைத் தூக்கி நிறுத்தியவர்களில் டாக்டர் வி. மோகனும் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் எம்டியோடு பிஎச்டி வாங்கியவர்கள், டிஎம் வாங்கியவர்கள் இல்லை. அவர்கள் காலம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் போர்டில் பெயர் வர டிஎம் தேவைப்படுகிறது. போர்டுக்கு வேண்டியது பட்டம், ஆய்வுக்கு வேண்டியது பயிற்சி. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற கல்லூரிகள் கொஞ்சம்தான். வேலூர் சிஎம்சி அப்படி ஒரு இடம். ஊட்டச்சத்துக் குறைவோடு வளர்ந்த ஒல்லியான இளைஞர்களுக்கு வரும் சர்க்கரை தனி வகை என்பதற்கு அவர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு 2022-ல் வந்தது. அந்த வகையைச் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2025-ல் டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது. இப்படி ஒரு துறையில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். வேறு எங்காவது கிடைத்தால், சேரும் முன் அந்தத் துறை கடைசியாக வெளியிட்ட பேப்பர்களை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சென்னை

சர்க்கரை நோய்க்குச் சென்னை ஒரு தலைநகரம். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனி ஓபி தொடங்கினார், 1954-ல் ராயபுரத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரியே தொடங்கினார். அவர் மகன் டாக்டர் மோகன் 1991-ல் தன் மையத்தையும் 1996-ல் ஆய்வு அறக்கட்டளையையும் தொடங்கினார். சென்னையில் 26,001 பேரை வைத்துத் தொடங்கிய க்யூர்ஸ் ஆய்வு அங்கிருந்து வந்ததுதான். நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்து, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று 2023-ல் சொன்ன, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வை வழிநடத்தியதும் அதே குழுதான்.

டாக்டர் ராமச்சந்திரன் குழுவின் தடுப்பு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேர். சிலருக்கு நடை, சாப்பாட்டு மாற்றம். சிலருக்கு மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை. சிலருக்கு இரண்டும். சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். நடையும் சாப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம், இரண்டும் சேர்ந்தபோது 28.2. சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் லாபம் இல்லை. இது 2006-ல் வந்தது. 2013-ல் அதே குழு 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு மொபைலில் குறுஞ்செய்தி அனுப்பியே இரண்டு வருடத்தில் 36 சதவீதம் குறைத்துக் காட்டியது. செலவு என்று பார்த்தால் எஸ்எம்எஸ் காசு. யோசனைதான் விலை உயர்ந்தது.

இந்த இடங்களில் ஃபெலோவாகவோ பிஎச்டி மாணவராகவோ சேர்ந்தால் நெல்லையில் கிடைக்காதது மூன்று கிடைக்கும். பல வருடத்து நோயாளிப் பதிவுகள் கம்ப்யூட்டரில் இருக்கும். புள்ளியியல் தெரிந்தவர் பக்கத்து அறையில் இருப்பார். ஒரு பேப்பரை எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எழுதி, கடைசியில் அச்சில் பார்க்கும் வரை கூட இருந்து சொல்லித்தர ஆள் இருப்பார். மூன்றாவதன் மதிப்பு அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டு உறவும் அங்கேதான் சுலபம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இன்ஸ்பயர்ட் திட்டத்தில் 19,084 பேரின் பதிவுகளை அலசி, டைப் 2 என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் நம்மவர்களில் நாலு விதம் இருக்கிறது என்று 2020-ல் எழுதினார்கள். அதில் ஒரு வகைக்கு இன்சுலின் சுரப்பதும் குறைவு, சுரந்தது வேலை செய்வதும் குறைவு. ஒல்லியாக இருந்தும் சுகர் அடங்காத நம்மூர் நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

குறையையும் சொல்ல வேண்டும். அங்கே கேள்வி நிறுவனத்துடையது. முதல் சில வருடம் அவர்கள் கொடுத்த கேள்விக்கு உழைப்பீர்கள், பெயர் பத்தாவது இடத்தில் வரும். டேட்டா அங்கேயே இருக்கும், நீங்கள் கிளம்பும்போது உங்களோடு வராது. எம்டி முடித்த கூட்டாளி தனியாரில் வாங்குவதைவிடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், வாடகை மட்டும் சென்னை வாடகை. அப்புறம், காசு கட்டி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி வேறு. களக்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து ஹைகிரவுண்டு வருகிற நோயாளி வேறு.

ஹைகிரவுண்டு

1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு நெல்லை மட்டுமல்ல, தென்காசியும் தூத்துக்குடிப் பக்கமும் வந்து நிற்கின்றன. அரசு வேலையில் ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் டாக்டர் வீ. சேஷையா. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் சர்க்கரை நோய்க்கென்று தனித் துறையை உருவாக்கியவர். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்க அப்போதிருந்த முறைப்படி பெண்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும், பலமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். அதனால் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம், 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை என்ற எளிய முறையை அவரும் கூட்டாளிகளும் நிலைநிறுத்தினார்கள். இந்திய அரசின் வழிகாட்டுதலே இன்று அதைத்தான் சொல்கிறது. நுட்பமான லேப் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வரிசையில் நிற்கும் பெண்ணின் சிரமத்தைக் கவனித்த கண்தான் தேவைப்பட்டது. அந்த வரிசை ஹைகிரவுண்டிலும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு லேப் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். வெறும் வயிற்றில் வந்து தலை சுற்றி, "ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்ட்டேன்யா" என்று சொல்லும் தாத்தாக்கள் தினமும் உண்டு.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ், வயிற்றுவலியும் கணையத்தில் கல்லும் சர்க்கரையும் சேர்ந்து வந்த ஒல்லியான இளைஞர்களை ஒவ்வொருவராகக் குறித்து வைத்தே ஒரு நோயை உலகத்துக்குக் காட்டினார். மரவள்ளிக்கிழங்குதான் காரணமோ என்று சந்தேகப்பட்டார், பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதனால் என்ன? அவர் எழுதி வைத்த நோயாளிகளின் விவரம் இன்னும் செல்லும்.

நம் வட்டாரத்தில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பெண்கள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் மோகன் குழு 2005-ல் கொடுத்த ரிஸ்க் ஸ்கோரில் நாலே விஷயம்தான் கேட்பார்கள்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்கு உண்டா. பீடி சுற்றும் அக்காவிடம் உழைப்பைப் பற்றிக் கேட்டால், "ராப்பகலா வேலதான்யா" என்பார். பொய் இல்லை. ஆனால் குறிப்பவர் அதைக் கடின உழைப்பு என்று எழுதிவிட்டால் ஸ்கோர் குறைந்து, அவர் தப்பித்தவர் பட்டியலில் போய்விடுவார். இடுப்பளவும் அப்படித்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே, தோலின் மேல் டேப் வைக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில், கூச்சத்தில், சேலைக் கொசுவத்துக்கு மேலேயே டேப்பைச் சுற்றிவிடுவோம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் கோடு என்கிறபோது கொசுவம் எத்தனை சென்டிமீட்டர் கூட்டுகிறது? இதை ஒருவர் ஒழுங்காக அளந்து எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைக்குள் இருக்கும் இன்சுலின் சித்திரை வெயிலில் என்ன ஆகிறது? கருப்பட்டிக் காபி குடித்தால் சுகர் ஏறாது என்று நம்புகிறவர்களின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகர், என்ன சொல்கிறது? (ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். எவ்வளவு பேர் நம்பி எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.)

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீடு தேடிப் போகிறது. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் அக்காவுக்கு யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார் என்பது தெரியும். ஒருவரைப் பத்து வருடம் தொடர்வதற்கு இதைவிட நல்ல வழி எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிடமும் இல்லை. கல்லூரியில் பல்துறை ஆய்வு அலகும் இருக்கிறது, எத்திக்ஸ் கமிட்டியும் இருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவருக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடும் உண்டு.

பின்னே ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? நேரம்தான். காலை ஓபி, ரவுண்ட்ஸ், வகுப்பு, டியூட்டி. தமிழ்நாட்டில் அரசு டாக்டர் பணி நேரம் முடிந்து சொந்தப் பிராக்டிஸ் செய்யலாம் என்பதால் மாலை கிளினிக்குக்குப் போய்விடும். அந்த மாலைதான் ஆய்வுக்கு இருந்த ஒரே நேரம். வாரத்தில் இரண்டு மாலையைக் கிளினிக்குக்குக் கொடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதே இந்தப் பாதையின் முழுக் கேள்வியும். அடுத்தது டிரான்ஸ்ஃபர். 200 பேரைச் சேர்த்து இரண்டாம் வருடம் பார்க்கும்போது வேறு மாவட்டத்துக்கு ஆர்டர் வந்தால் ஆய்வு அனாதையாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எந்த ஆய்வையும் தனியாகத் தொடங்க மாட்டார். சமூக மருத்துவத் துறையில் ஒருவரையும் பயோகெமிஸ்ட்ரியில் ஒருவரையும் முதல் நாளே கூட்டாளியாக்கிக்கொள்வார். ஒருவர் போனாலும் நோட்டு நிற்காது.

வெளிநாடு

செல்லுக்குள் போக ஆசைப்படுகிறவருக்கு நான் தயங்காமல் வெளிநாட்டைச் சொல்வேன். சுகரையும் எடையையும் குறைப்பதாக இன்று உலகமே பேசும் ஜிஎல்பி-1 மருந்துகளின் ஆரம்பம் 1980-களில் பாஸ்டனில் டாக்டர் ஜோயல் ஹேபனரின் லேப். ஆங்க்லர் மீனின் கணையத்தை வைத்துக் குளுக்ககான் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்த எண்டோகிரைனாலஜிஸ்ட் அவர். மீனிலிருந்து மருந்து வரை வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த மாதிரித் தேடலுக்குக் காசும் பொறுமையும் உள்ள லேப் நெல்லையில் இல்லை, சீக்கிரம் வரப்போவதும் இல்லை.

இங்கிலாந்தில் பயிற்சி டாக்டருக்கே அகாடமிக் கிளினிகல் ஃபெலோஷிப் என்று ஒன்று உண்டு. வேலை நேரத்தில் கால் பங்கை ஆய்வுக்கென்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். போட்டி கடுமை, ஆனாலும் அந்தக் கால் பங்கு நேரம் இங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காது. அமெரிக்காவில் ரெசிடென்ஸி 3 வருடம், எண்டோகிரைன் ஃபெலோஷிப் 2 வருடம். பலர் கவனிக்காத முள் ஒன்று அங்கே இருக்கிறது. இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான என்ஐஎச் கொடுக்கும் கிரான்ட்களில் முக்கியமானவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். கே99 மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு. ஜே-1 விசாவில் போனால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்கி அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்று போனவர் விசாவுக்காக மருத்துவம் மட்டும் பார்ப்பது இப்படித்தான் தொடங்கும்.

போய்த் திரும்பியவர்களில் என் கண்ணுக்கு முன்னால் நிற்பவர் புனேயின் டாக்டர் சி. எஸ். யாஜ்னிக். ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி எடுத்துவிட்டுக் கேஇஎம் ஆஸ்பத்திரிக்கே திரும்பி, 1993-ல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் அளக்க ஆரம்பித்தார். குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் தோல் மடிப்பை இடுக்கியால் பிடித்து அளந்தால், நம் குழந்தைக்குச் சதைதான் குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. 2004-ல் அவரும் லண்டன் நண்பர் டாக்டர் யட்கினும் தங்களையே அளந்து ஒரு படம் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒல்லியாக இருக்கிறேனே, எனக்கெப்படி சுகர் என்று கேட்கும் நம் நோயாளிக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பயிற்சி வெளியே எடுத்தார், கேள்வி வீட்டுப் பக்கத்தில் இருந்தது.

சொந்தக் கிளினிக் வைத்துக்கொண்டே ஆய்வு செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள், உடனே இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கின் கதையைச் சொல்வார்கள். பாண்டிங் சரியாகப் போகாத கிளினிக்கை விட்டுவிட்டு டொரன்டோவில் மக்லியோடின் லேபுக்குப் போனார், பெஸ்ட் கூட நின்றார், காலிப் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்தார். அதன் பிறகே 1922-ல் பலன் கொடுத்த ஊசி. கிளினிக்கிலிருந்து நல்ல பதிவேடு வரும், அதற்கு மேல் கூட்டாளி வேண்டும். மருந்துக் கம்பெனியின் மெடிக்கல் அட்வைசர் வேலை சம்பளத்தில் நல்ல வேலை, கேள்வி மட்டும் கம்பெனியுடையது. அவ்வளவுதான் அதைப் பற்றி.

சரி, என்ன செய்யலாம்?

ஊரில் ஏன் இத்தனை பேருக்கு, இவருக்கு ஏன் மாத்திரை கேட்கவில்லை என்ற வகைக் கேள்விக்காரர் என்றால் என் யோசனை இது. எம்டி பொது மருத்துவம் அல்லது சமூக மருத்துவம். அதன் பிறகு சென்னையில் மூன்று, நாலு வருடம், முடிந்தால் பிஎச்டியோடு. அதன் பிறகு ஹைகிரவுண்டு. டிஎம் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அபூர்வ வகைகளும் ஹார்மோன்களும் பிடித்தவர் டிஎம்மே எடுக்கட்டும், ஆனால் ஆய்வு நடக்கும் துறையில். லேப் ஆசைக்காரர் வெளிநாடு போகட்டும், திரும்பி வந்தால் நெல்லைக்கு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், லேப் உள்ள ஊருக்கு வரட்டும்.

பெண் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பதினொன்றரை வருட ஏணி வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதோடு நேராக மோதுகிறது. டிஎம்முக்கு மூன்று வருடம் வேறு ஊர் என்றால் பையன் வீட்டார் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வின் அழகு, அதைத் துண்டு துண்டாகச் செய்ய முடியும் என்பது. பிள்ளை பிறந்த வருடத்தில் ஓபியில் நிற்க முடியாது, பேப்பர் எழுத முடியும். சேர்த்து வைத்த டேட்டா ஓடிப் போகாது. சென்னைப் பாதையும் அரசுப் பாதையும் இதற்கு இடம் கொடுக்கின்றன, டிஎம் அவ்வளவு கொடுப்பதில்லை.

இன்னும் எம்பிபிஎஸ்ஸிலேயே இருப்பவர் ஐசிஎம்ஆரின் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். காசு சின்னது, எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பம் என்றால் என்ன, டேட்டா என்பது எவ்வளவு அழுக்காக வரும் என்பது தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் சலித்துவிட்டால் அதுவும் நல்லதுதான், மூன்று வருடம் மிச்சம். சென்னை ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பு மேற்படிப்பில் எப்படியும் கட்டாயம், சும்மா கிளிக் செய்து முடிக்காமல் உட்கார்ந்து படியுங்கள். டிரையல் ஏதாவது செய்வதாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்தியாவின் டிரையல் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிந்துவிடுங்கள். 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம், பிந்திப் பதிந்தால் நல்ல இதழ்கள் பேப்பரைத் தொடாது.

எந்த இடத்தில் சேரப் போனாலும் கைடாக வரப்போகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். என் பெயர் முதலில் வரும் பேப்பர் எத்தனை? நான் கிளம்பினால் என் நோயாளிகளின் டேட்டாவை நான் தொடர்ந்து பயன்படுத்தலாமா? ஆய்வுக்கென்று வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம்? கேட்கத் தயக்கமாக இருந்தால் அவரிடம் முன்பு படித்த இருவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பதில் தானாக வரும். மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கிடலாம்பா" என்று பதில் வந்தால் வேறு கைடைப் பாருங்கள்.